பழைய பிரிட்டிஷ் சரக்குப் பெட்டிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

இன்ஜின் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். எனக்குத் தெரிந்தது இன்ஜினுக்குப் பின்னால் வருவதுதான். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பெட்டிகளுக்கு ஏன் மிருகங்களின் பெயரை வைத்தது?

எல்லாம் மிருகம் இல்லை. அவை தந்திக் குறிச்சொற்கள். ‘குளிரூட்டிய இறைச்சிப் பெட்டி இரண்டு அனுப்பவும்’ என்று நீட்டி முழக்காமல் ‘மைக்கா இரண்டு’ என்றால் வேலை முடிந்தது. மின்க் என்றால் சாதாரண மூடிய பெட்டி. டோட், அதாவது தேரை, கார்டு உட்காரும் பிரேக் வேன். நாடகக் காட்சித் திரைகளை ஏற்றும் பெட்டி மான்ஸ்டர். மீன் பெட்டி ப்ளோட்டர். புகை போட்ட ஹெர்ரிங் மீனின் பெயர் அது. நம் ஊராக இருந்தால் கருவாடு என்றே வைத்திருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது சைஃபன். பால் வண்டி. பக்கச் சுவரில் இடைவெளி விட்டுப் பலகை அடித்திருப்பார்கள். வண்டி ஓடும்போது காற்று புகுந்து உள்ளே இருக்கும் 17 கேலன் பால் கேன்களைச் சூடேறாமல் வைத்திருக்கும். ஒரு கேன் ஏறக்குறைய 77 லிட்டர். 1927 முதல் உள்ளே கண்ணாடிப் பூச்சு கொண்ட பால் டேங்கர்கள் வர ஆரம்பித்தன. அதற்காக சைஃபன் ஓய்வு பெற்றுவிடவில்லை. பார்சலும் பத்திரிகைக் கட்டும் ஏற்றியது. இரண்டாம் உலகப் போரில் சில பெட்டிகள் ஆம்புலன்ஸ் ரயிலுக்கும் போயின.

கேள்வி: இரும்பு மின்க் மாடல் செய்கிறேன். 1900 வாக்கில் என்ன நிறம்?

நானாக இருந்தால் சிவப்பு அடிப்பேன். பிற்காலத்தில் அடர் சாம்பல். எந்த ஆண்டில் மாறியது என்பதில்தான் பல வருடச் சண்டை.

கேள்வி: வாழைப்பழ வேனுக்குள் நீராவி விட்டது பழுக்க வைக்கத்தானே? நம் ஊர் மூட்டம் மாதிரி?

இல்லை, நேர்மாறு. கப்பலில் காயாகத்தான் வரும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தோல் கறுத்துக் கெட்டுவிடும். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் அதைத் தடுக்கத்தான் நீராவிக் குழாய். பழுக்க வைப்பது போய்ச் சேர்ந்த ஊரில், அதற்கென்று இருந்த அறைகளில்.

கேள்வி: மின்க் சிவப்பு என்றீர்களே, நான் பார்த்த பழைய படத்தில் கன்னங்கரேல் என்று இருக்கிறது. அப்படியானால் சாம்பல்தானே?

வந்துவிட்டதா! கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து நிறம் சொல்லாதீர்கள். அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்புப் பெட்டி அதில் கறுப்பாகத்தான் விழும். உங்கள் படம் சாம்பலுக்குச் சாட்சி இல்லை; சிவப்பாகவும் இருக்கலாம் என்பதற்குத்தான் இடம் தருகிறது. தொழிற்சாலை வாசலில் எடுத்த படம் என்றால் இன்னும் மோசம். படம் தெளிவாக விழ வேண்டும் என்று சாம்பல் பூசி நிறுத்துவார்கள்.

அதே நண்பர்: மியூசியத்தில் இருப்பதும் சாம்பல்தான்.

மியூசியத்தில் பெயிண்ட் அடித்தவரும் நம்மைப் போல ஒரு கட்சிக்காரர்தான். பெட்டியில் உள்ள எழுத்தைப் பாருங்கள். 25 அங்குல உயர ‘ஜி டபிள்யூ’ 1904-ல் வந்தது. அதை வைத்துக் காலத்தைச் சொல்லலாம், நிறத்தைச் சொல்ல முடியாது. நான் நம்புவது, பல பூச்சுகளுக்கு அடியில் சுரண்டி எடுத்த சில்லைத்தான்.

கேள்வி: பார்சல் வேனில் சவப்பெட்டி கொண்டுபோனார்களாமே?

நல்ல கேள்வி. இதற்காகவே காலையிலிருந்து காத்திருந்தேன். சவுத் ஈஸ்டர்ன் அண்ட் சாதம் ரயில்வே 1919-ல் கட்டிய 132-ம் எண் வேன். நான்கு சக்கரம், 32 அடி நீளம். பயணி ரயிலோடு சேர்ந்து அதே வேகத்தில் ஓடக்கூடியது. கூட்ஸ் வண்டியோடு தடதடத்துப் போக வேண்டியதில்லை. 1915-ல் பிரஸ்ஸல்ஸில் ஜெர்மானியர் சுட்டுக் கொன்ற செவிலி எடித் காவெல்லின் உடலை 1919 மே மாதம் டோவரிலிருந்து லண்டனுக்கு இதில்தான் கொண்டுவந்தார்கள். அதனால் இன்றும் காவெல் வேன் என்றுதான் பெயர். அதே ஆண்டு ஜூலையில் கப்பல் கேப்டன் சார்லஸ் ஃபிரையட்டின் உடல். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலை மோதப் பார்த்ததற்காக மரண தண்டனை பெற்றவர் அவர். 1920 நவம்பர் 10-ல், முதல் உலகப் போரில் இறந்த பெயர் தெரியாத போர்வீரனின் உடல். மறுநாள் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம்.

இவ்வளவு மரியாதைக்கு அப்புறம் அந்த வேன் என்ன ஆனது தெரியுமா? பழையபடி மூட்டை முடிச்சு ஏற்றப் போய்விட்டது. இப்போது கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் ரயில்வேயின் பொறுப்பில் இருக்கிறது. இதே வடிவத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு 1951 வரை கட்டினார்கள்.

1965 ஜனவரி 30-ல் சர்ச்சிலின் உடலை வாட்டர்லூவிலிருந்து ஹேண்ட்பரோவுக்குக் கொண்டுபோனதும் சதர்ன் ரயில்வேயின் லக்கேஜ் வேன்தான், போகி (வளைவில் திரும்பும் சக்கரச் சட்டம்) வைத்தது. புல்மன் என்ற சொகுசுப் பயணப் பெட்டிகளின் நிறம் பூசியிருந்தார்கள். பிறகு அது கலிபோர்னியாவில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போய், 2007-ல் திரும்பி வந்தது.

கேள்வி: 1963 ரயில் கொள்ளை நடந்ததும் பார்சல் வேனில்தானே?

இல்லை. அது ஓடும் தபால் நிலையம். தபால்காரர்களைக் கேளுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் ரயில்வே காலத்து 12 டன் வேனுக்கு என்ன நிறம்?

வேக்குவம் பிரேக் இருந்தால் பாக்ஸைட் பழுப்பு, இல்லாவிட்டால் சாம்பல்.

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் கோழிக்கூண்டாக ஒரு சரக்குப் பெட்டியைப் பார்த்தேன். உண்மையானதா?

இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கூட்டை மட்டும் விவசாயிகளுக்கு விற்றார்கள். பாதுகாக்கப்பட்ட பல வேன்கள் அப்படித்தான் பிழைத்தன. போனால் கதவின் உள்பக்கத்தைப் படம் எடுங்கள். வெயில் படாத இடத்தில்தான் பழைய பெயிண்ட் தங்கும். கோழிகளைக் கலைக்காதீர்கள்.

கேள்வி: சிவப்பு மின்க் பற்றி இன்னொரு படம் கிடைத்தது...

கறுப்பு வெள்ளையா?

ஆமாம்.

அடுத்த கேள்வி.

கேள்வி: பார்சல் வேன்கள் ஏன் காணாமல் போயின?

லாரிதான். எந்தச் சரக்கையும் மறுக்காமல் ஏற்ற வேண்டும் என்ற கடமை 1962 சட்டத்தில் போனது. வீட்டுக்கு வந்து எடுத்து, வீட்டிலேயே கொடுக்கும் பார்சல் சேவையை 1981-ல் நிறுத்தினார்கள்.

கேள்வி: தாத்தா வாங்கிய ஹார்ன்பி வேன், என்ன விலைக்குப் போகும்?

பொம்மை விலை என் துறை இல்லை. ஆனால் மறுபடி பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.