கூகையின் கூடு: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

சோழவந்தானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் ஓடாமல் கிடக்கும் அரிசி ஆலையின் பரணில் கூகை என்ற ஆந்தை முட்டையிட்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகன் முதலில் பார்த்தபோது 5 முட்டைகள். தினமும் ஏணி வைத்து ஏறிப் படம் எடுத்து, தேதி போட்டு நோட்டில் எழுதிவருகிறான். இப்போது 4 குஞ்சுகள். ஒன்று மற்றதில் பாதிகூட இல்லை, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கட்டுமா என்கிறான். மாமியாரோ அதைச் சாக்குருவி என்று சொல்லி விரட்டச் சொல்கிறார். ஒரு கூடு நல்லபடியாக முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் ஊர்ப் பெயரையும் கடிதத்தோடு அனுப்பிய படங்களையும் நானே நீக்கிவிட்டேன். மாந்திரீகம் என்ற பெயரில் ஆந்தைகளைப் பிடித்து விற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், தீபாவளி நெருங்கினால் தேடல் கூடும். ஆந்தையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் கூடு எங்கே என்று தெரிந்தால் வந்துவிடுகிறார்கள். மகனிடமும் சொல்லுங்கள், வாட்ஸப்பில்கூட இடத்தைப் போட வேண்டாம்.

அடுத்தது அந்த ஏணி. அதை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்லவில்லை, நானும் அதே தப்பைச் செய்தவன். மேலூர்ப் பக்கம் ஒரு பாழடைந்த கட்டடத்தில் கூகை முட்டையிட்டிருந்தது தெரிந்து, அடைகாக்கும் முதல் வாரத்திலேயே டார்ச்சோடு ஏறினேன். தாய் என் தலைக்கு மேலாகப் பறந்து போனது. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் முட்டைகள் சில்லென்று இருந்தன. அது திரும்பவே இல்லை. உங்கள் கூகை இத்தனைக்கும் பிறகு நான்கைப் பொரித்திருப்பது பெரிய விஷயம். ஆனால் ஆபத்து தீரவில்லை. ஆறு, ஏழு வாரக் குஞ்சு, ஆள் முகம் தெரிந்தால் பயந்து விளிம்புக்கு ஓடிக் கீழே விழுந்துவிடும். அப்படி விழுந்ததைத் தாய் தேடி வந்து ஊட்டுவது அபூர்வம். காயம் இல்லையென்றால் உடனே எடுத்து மேலேயே வைத்துவிட வேண்டும். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், கூகை அப்படிச் செய்யாது.

சரி, அந்தச் சின்னக் குஞ்சு. அது நோஞ்சான் இல்லை, கடைக்குட்டி. கூகை எல்லா முட்டையையும் இட்டு முடித்துவிட்டு அடையில் உட்காருவதில்லை. முதல் முட்டையிலிருந்தே உட்கார்ந்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை, ஒவ்வொன்றும் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதனால் 5 முட்டை என்றால் மூத்ததுக்கும் கடைசிக்கும் ஒன்றரை வாரம்கூட வித்தியாசம் வரும். எலி நிறைய கிடைத்தால் எல்லாமே தேறும். கிடைக்காவிட்டால் கடைக்குட்டி பசியில் சாகும், செத்ததை மற்றவை தின்றும்விடும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் மூத்த குஞ்சு தன் பங்கு எலியை இளையதுக்குக் கொடுப்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் போகும் என்று இப்போதே நாம் முடிவு செய்யக் கூடாது. வீட்டில் கோழிக்கறி போட்டு வளர்த்தால் அது மனிதரோடு பழகிவிடும், பிறகு வெளியே தனியாகப் பிழைப்பது கஷ்டம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முட்டை எத்தனை, பொரித்தது எத்தனை, பறந்தது எத்தனை என்று மூன்று எண்கள் உண்டு. ஒரு குஞ்சாவது பறந்திருந்தால் அந்தக் கூடு தேறியது என்று கணக்கெடுப்பவர்கள் எழுதுவார்கள். ஆனால் பத்துக் கூடுகளை ஒப்பிட உதவுவது அந்த மூன்றாவது எண்தான். அதற்கு ஏறவே வேண்டாம். பொரித்து எட்டிலிருந்து பத்து வாரத்துக்குள் குஞ்சுகள் வெளியே வரும். அந்த நாட்களில் பொழுது சாயும்போது ஆலையிலிருந்து நாற்பது ஐம்பது அடி தள்ளி, சுவரோரமாகச் சத்தமில்லாமல் உட்காரச் சொல்லுங்கள். டார்ச், பிளாஷ் எதுவும் வேண்டாம். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட குஞ்சுகளில் அதிகபட்ச எண்ணிக்கையை எழுத வேண்டும். ஒரு மாலை போதாது, நான்கைந்து மாலையாவது வேண்டும். பறந்த பிறகும் சில வாரம் அங்கேயே சுற்றி, குறட்டை மாதிரி இழுத்து இழுத்துச் சீறி இரை கேட்கும் என்பதால் தவறவிட்டதைப் பிறகும் பிடிக்கலாம்.

அதுவரை மகனுக்கு வேலை இல்லாமல் இல்லை. பெற்றோர் வெளியே போய் உட்காரும் இடங்களுக்கு அடியில் பெருவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் கூகை கக்கிப் போடுவது அது. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடுகள் முழுசாக வரும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் எலி, பல்வரிசை விடாமல் போனால் மூஞ்சூறு. இந்த எண்ணிக்கையைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். பெரியாறு பாசன வயலை ஒட்டிய கூடு உங்களுடையது. அங்கே என்ன எலி எத்தனை என்று உங்கள் மகன் எழுதி வைத்தால், கூகையை விரட்டச் சொல்கிற விவசாயியிடம் அதையே காட்டலாம்.

அந்த வயல்களில் எலி மருந்து வைக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். புரோமடையோலோன் என்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதுதான் கூகைக்குச் சுலபமாகக் கிடைக்கும், விஷமும் சேர்ந்தே குஞ்சுக்குப் போகும். இந்த இரண்டு மாதமாவது கிட்டி வைத்துப் பிடிக்கும்படி பக்கத்து வயல்காரர்களிடம் பேசிப் பாருங்கள். வயலில் ஆந்தைப் பந்தல், அதாவது ஆந்தை உட்காருவதற்கான கம்பு, நட்டாலும் கூகை வந்து உட்காரும்.

அப்புறம் உங்கள் மாமியார். அவரிடம் வாதாட வேண்டாம். சங்கப் பாடல் ஒன்றில் தோழி, ஊர்வாசல் மரத்துக் கூகையிடம், சுட்ட எலியோடு நெய்ச்சோறு தருகிறோம், ராத்திரியில் குழறாதே என்று கெஞ்சுகிறாள். அன்றைக்கே அதன் குரலுக்குப் பயந்திருக்கிறார்கள், அது எலி தின்னும் என்பதும் தெரிந்திருக்கிறது. வீட்டில் நெல் மூட்டையை எலி கடித்த காலம் அவருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றிக் கேட்டுப் பேச ஆரம்பியுங்கள். ஒரு நாள் சாயங்காலம் அவரையும் கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

முதல் குஞ்சு பொரித்த தேதி மகனின் நோட்டில் இருக்கும். அதிலிருந்து எட்டு வாரம் கூட்டி, காலண்டரில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எத்தனை பறந்தது என்று எனக்கு எழுதுங்கள்.