நிலக்கரியும் கடற்கரையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2017 ஒக்கிப் புயலில் எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. ஆனி, ஆடியில் கடல் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆனால் பருவநிலை மாநாடுகளில் இந்தியா தீவு நாடுகளைப் போலப் பேசாமல் நிலக்கரிக்காக வாதாடுவதாகப் படிக்கிறேன். இதற்குக் காரணம் வெளிநாட்டு நெருக்கடியா, உள்நாட்டு அரசியலா?

ஜெ., வள்ளவிளை

அன்புள்ள ஜெ.,

இரண்டும்தான், ஆனால் உள்நாட்டின் கைதான் ஓங்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது: வளரும் நாடுகளைக் கட்டுப்படுத்தாத எந்தப் பருவநிலை ஒப்பந்தத்திலும் அமெரிக்கா சேரக்கூடாதென்று 1997இல் அந்நாட்டு செனட் 95-0 எனத் தீர்மானம் போட்டதால், உமிழ்வைக் குறைக்கும் கியோட்டோ உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகும் கிளின்டன் அரசு அதை ஒப்புதலுக்கு அனுப்பவேயில்லை.

இந்தியாவில் அந்த உள்நாட்டுப் பிடி நிலக்கரியிடம் இருக்கிறது. ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் அரசுகளுக்கு அதில் ராயல்டி வருகிறது. ரயில்வே நிலக்கரி ஏற்றி ஈட்டும் சரக்குக் கட்டணம் தாங்குவதால்தான், நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு நாம் இவ்வளவு மலிவாகப் படுத்துக்கொண்டு போகிறோம். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், நிலக்கரியை ஒழிப்பதற்குப் பதில் படிப்படியாகக் குறைப்பது என்று தீர்மானத்தை மாற்றச் சொன்ன பழி இந்தியாமேல் விழுந்தது. சில நாள் முன்பே அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையில், சீனா தன் நிலக்கரிப் பயன்பாட்டைக் குறைக்கும் என்றுதான் இருந்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

வெளி அழுத்தம் வேலை செய்வதும் உண்டு. 2009இல், கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன், உற்பத்தி மதிப்பின் ஒவ்வொரு அலகுக்குமான உமிழ்வை 40 முதல் 45 சதவீதம் குறைப்பதாகச் சீனா அறிவித்த ஒரு வாரத்தில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 20 முதல் 25 சதவீதம் என்று மக்களவையில் அறிவித்தார். எதிர்க்கட்சிகளும் மூத்த பேச்சுவார்த்தையாளர்கள் சிலரும் கடுமையாக எதிர்த்தனர். 2015இல் பாரிஸ் ஒப்பந்தத்துக்காக, மின் நிறுவுதிறனில் 40 சதவீதம் நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் சாராததாக இருக்கும் என்று உறுதியளித்தபோது அத்தகைய கொந்தளிப்பு எழவில்லை. நம் முப்பந்தல் காற்றாலைகளைப் பாருங்கள்: வரிச்சலுகைக்காகவும் சொந்த மின்தேவைக்காகவும் நூற்பாலை முதலாளிகள் நிறுவியவை அவற்றில் பல. அந்த உறுதிமொழியால் ஆதாயம் பெறும் தரப்பு உள்ளேயே வளர்ந்திருந்தது.

பசிபிக் தீவு நாடான துவாலுவுக்கு நாடே கரை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. இந்தியாவில் பேச்சுவார்த்தைக் குழுவை அமைப்பவை மத்திய அமைச்சகங்கள். தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள இழப்பை அங்கே தன் கணக்காக எடுத்துவைக்கும் வலுவான தரப்பு இல்லை. 2022இல் ஷார்ம் அல்-ஷேக் மாநாட்டில், பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவ உருவான இழப்பு, சேத நிதியை இந்தியாவும் ஆதரித்தது. உங்கள் பங்குப் பேரவையில் ஒக்கி இழப்புப் பட்டியலும் இடிந்த வீடுகளின் கணக்கும் இருந்தால், அவற்றை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுத்து, அந்த நிதி குறித்த கேள்வியாக அவையில் எழுப்பச் சொல்லுங்கள்.