ஆயில் ஃபில்டரின் உள்பாகங்கள் அடுத்த ஆயில் மாற்றம் வரை தாங்குமா?

நல்ல ஃபில்டர் என்றால் தாங்கும். ஆனால் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை.

சாதாரண காகித ஃபில்டர் சுமார் 8,000 கி.மீ. வரை நம்பகமானது, செயற்கை இழை கொண்டது 15,000 கி.மீ. வரைகூடப் போகும். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். காகிதம் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறக்கும். எண்ணெய் நிற்காது, ஆனால் வடிகட்டப்படாமலே என்ஜினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குக்குப் போகும். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது என்பதுதான் ஆபத்து.

பெரும்பாலும் முதலில் கெடுவது, எண்ணெய் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. அது நைட்ரைல் என்ற ரப்பர் வகையால் ஆனதென்றால் சூட்டில் இறுகிவிடும். அப்போது இரவில் ஃபில்டர் காலியாகி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று வினாடி கடகடவென்று சத்தம் வரும். சிலிக்கோன் ரப்பர் வால்வு உள்ளதை வாங்குவதே மேல். சூட்டை நன்றாகத் தாங்கும்.

ஃபில்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டை ஒருபோதும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். பழையது என்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதைப் பூட்டினால், அழுத்தம் ஏறியதும் எண்ணெய் பீறிடும். புதிய கேஸ்கெட்டில் எண்ணெய் தடவி, அது என்ஜினைத் தொட்டபின் கையால் முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும்.