சொன்னதை மட்டும் செய்யும் செக்‌ஷன்: ஒரு ஹவில்தாரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் தரைப்படையில் ஒரு காலாட்படை பட்டாலியனில் ஹவில்தார். செக்‌ஷன் கமாண்டராகிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. என்னிடம் ஒன்பது பேர், பல மாநிலத்துப் பையன்கள். சொன்னதைச் செய்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் சொல்லாத எதையும் செய்வதில்லை. எனக்கு அடுத்த பொறுப்பிலுள்ள டூ ஐ சி நாயக் கூட எதற்கெடுத்தாலும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சிலருடைய லீவு தள்ளிப்போனதிலிருந்து பாரக்கில் சிரிப்புச் சத்தமே இல்லை. வாலிபால் வைத்தேன், உட்கார வைத்துப் பேசியும் பார்த்தேன். இவர்களிடம் தலைமைப் பண்பையும் மன உறுதியையும் எப்படி வளர்ப்பது? பெயர் வேண்டாம்.

பதில்: இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். நான் பின்னாலிருந்து தொடங்குகிறேன். லீவு விவகாரம் ஆறாமல் தலைமைப் பண்பைப் பற்றிப் பேசினால் பையன்கள் காதில் ஏறாது.

ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். அக்னிவீர் (நான்கு வருடத்துக்குச் சேர்பவர்) என்றால் மொத்தமே 30 நாள். இந்த நாட்களை வைத்துத்தான் தங்கை கல்யாணம், குலதெய்வக் கோயில் கொடை, பிள்ளைக்குப் பள்ளிக்கூட அட்மிஷன் எல்லாம் ஊரில் முடிவாகின்றன. தேதி தள்ளிப்போனால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்காதது, ஏன் தள்ளிப்போனது, இனி எப்போது என்று யாருமே சொல்லாத நிலை. வீட்டில் மனைவி போனில் கேட்கும்போது அவனிடம் பதில் இல்லை. அதுதான் அவன் முகத்தில் தெரிகிறது.

லீவு சாங்ஷன் உங்கள் கையில் இல்லை, கம்பெனி கமாண்டர் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு பக்கம். யாருக்கு எந்தத் தேதி வேண்டும், எதற்காக, போன பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஹோலிக்கும் யார் ஊருக்குப் போனது என்று எழுதுங்கள். கம்பெனியில் லீவு பிளான் போடுவதற்கு முன்பே அதை உங்கள் மேலதிகாரியான பிளாட்டூன் சாகிப்பிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள். போட்ட பிறகு கெஞ்சுவதைவிட இதற்குப் பலன் அதிகம். அந்த வரிசையைப் பையன்களும் பார்க்கட்டும். தேதி மாறினால் அன்று மாலை ரோல் காலுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தையும் அடுத்த வாய்ப்பையும் சொல்லிவிடுங்கள். சொல்ல முடியாத காரணமாக இருந்தால், "காரணம் சொல்ல அனுமதி இல்லை, ஆனால் உன் பெயர் முதலில் இருக்கிறது" என்றாவது சொல்லுங்கள். இல்லாத உறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

லீவுக்குப் பின்னால் பெரும்பாலும் வீட்டுப் பிரச்சினை ஒன்று இருக்கும். நான் பார்த்தவரை அதில் முதலிடம் நிலத் தகராறுக்குத்தான். வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டான், அண்ணன் பங்கு தரவில்லை, கேஸ் போட்டுவிட்டார்கள், இப்படி. இதற்கு வழி இருக்கிறது என்பதே பல பையன்களுக்குத் தெரியாது. எழுத்தில் மனு கொடுத்தால், கமாண்டிங் ஆபீசர் அந்த மாவட்ட ஆட்சியருக்கோ எஸ்.பி.க்கோ கடிதம் எழுதலாம். தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பணியில் இருப்பவர்களின் குடும்பத்தாரும் அங்கே போய்க் கேட்கலாம். சிவில் வழக்கு என்றால் 1925ஆம் ஆண்டின் இந்தியச் சிப்பாய்கள் வழக்காடல் சட்டம் இருக்கிறது. போர்ச் சூழலிலோ, சட்டம் சொல்லும் விசேஷச் சூழலிலோ பணியாற்றும் ஜவானால் கோர்ட்டுக்கு வர முடியாதபோது, அவன் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடாதபடி வழக்கை நிறுத்திவைக்க அது வழிசெய்கிறது. மனு எழுத உட்காரும் அந்த அரை மணி நேரம் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை வாலிபால் மேட்ச் வைத்தாலும் அந்த அரை மணிக்கு ஈடாகாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. முணுமுணுக்கிறவனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜவான் முணுமுணுக்கிற வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. திடீரென்று பேச்சை நிறுத்தியவன், லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) தட்டைத் தொடாமல் எழுந்து போகிறவன், தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறவன், இவர்களில் ஒருவரைப் பார்த்தால் அவனைத் தனியாக விடாதீர்கள். அன்றே பிளாட்டூன் சாகிப்புக்கும் கம்பெனி கமாண்டருக்கும் சொல்லி பட்டாலியன் மருத்துவரான ஆர்.எம்.ஓ.விடம் அழைத்துப் போங்கள். பிரச்சினை தெளியும் வரை அவன் ஆயுத டியூட்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத விஷயம் இது.

அக்கறை என்றால் தளர்த்திப் பிடிப்பது என்று இளம் ஹவில்தார்கள் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் 14வது படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம்மைப் பாருங்கள். இந்தியச் சிப்பாய்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்த படை அது. முன்னணியில் ரேஷன் பாதியானால் தன் தலைமையகத்துக்கும் பாதி ரேஷன்தான் என்று வைத்திருந்தார். அதே மனிதர்தான் மலேரியாவுக்கு மெப்பாக்ரின் மாத்திரை ஒழுங்காக விழுங்கப்படுகிறதா என்று யூனிட் யூனிட்டாகத் திடீர்ச் சோதனை வைத்தார். 95 சதவீதத்துக்குக் கீழே போன யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரைப் பதவியிலிருந்து தூக்கினார். மூன்று பேரைத் தூக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. இரண்டுமே பையன்கள் மீதுள்ள அக்கறைதான். உயரமான இடத்தில் இருந்தால், குளிரில் விரல் கெடாமலிருக்கத் தினமும் சாக்ஸைக் கழற்றச் சொல்லி ஒவ்வொரு கால் விரலையும் நீங்களே பாருங்கள், முகம் சுளித்தாலும் விடாதீர்கள். ரைபிள் சுத்தமாக இல்லையென்றால் சலுகை கிடையாது. ஆனால் சாப்பாட்டு வரிசையில் கடைசி ஆளாக நில்லுங்கள்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். டிரெய்னிங் சென்டர் ஞாபகம் இருக்கிறதா? பயிற்சி தரும் உஸ்தாத் பாடம் முடித்துவிட்டு "கோயி ஷக்?" (சந்தேகம் உண்டா?) என்பார். மொத்த ஸ்குவாடும் ஒரே குரலில் "நஹீ உஸ்தாத்!" (இல்லை உஸ்தாத்!) என்று கத்தும். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது, அது உஸ்தாதுக்கும் தெரியும். அந்த இடத்தில் அது தேவைதான். கேள்வி கேட்காமல் கீழ்ப்படியும் பழக்கத்தைத்தான் ரிக்ரூட்டுக்கு முதலில் ஊட்ட வேண்டும். உங்கள் முன்னால் நிற்பது அந்தப் பயிற்சியின் விளைச்சல். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு பழக்கத்தை ஏற்றுவது செக்‌ஷன் கமாண்டரின் வேலை. ஆர்டர் கொடுத்து முடித்ததும் "சந்தேகம் உண்டா?" என்று கேட்பதை இன்றோடு விடுங்கள். "நீ என்ன செய்யப் போகிறாய், சொல்லு" என்று ஒருவனைக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆளை.

அப்புறம் ஆர்டர் கொடுக்கும் விதம். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரவு ஒரு நாலாவை, அதாவது ஓடையை, கண்காணிக்க வேண்டும். எல்எம்ஜி (இலகு இயந்திரத் துப்பாக்கி) குரூப் நாயக்கிடம் இருக்கிறது. "எல்எம்ஜியை அந்தப் பாறைக்குப் பின்னால் வை" என்று சொன்னால் வைத்துவிடுவார், வேலை முடிந்தது. நாளை இடம் மாறினால் மறுபடி உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாலா வழியாக யார் வந்தாலும் நூறு மீட்டருக்கு முன்பே நமக்குத் தெரியணும், சுடவும் முடியணும். வலது பக்கம் இரண்டாம் செக்‌ஷன் இருக்கிறது, நாம் சுடும் ஆர்க் அவர்கள் பக்கம் போகக் கூடாது. இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் காட்டு." எதற்காக, எந்த எல்லைக்குள், எத்தனை மணிக்குள் என்று மூன்றும் வந்துவிட்டன. எப்படி என்பது அவர் பாடு.

அவர் வேறொரு இடத்தைக் காட்டுவார். நீங்கள் நினைத்த இடம் கொஞ்சம் மேல் என்றாலும், அவர் காட்டியது வேலைக்கு ஆகும் என்றால் வாயைத் திறக்காதீர்கள். இந்த யோசனையிலேயே கடினமான பகுதி இதுதான். ஒரு முறை மாற்றிவிட்டால் அடுத்த முறை அவர் யோசிக்க மாட்டார், உங்கள் மனதில் எந்தப் பாறை இருக்கிறது என்று ஊகிக்கத்தான் பார்ப்பார். இடம் நிஜமாகவே தவறு என்றால் அப்போதும் சொல்லாதீர்கள். "துப்பாக்கிக்குப் பின்னால் படு, என்ன தெரிகிறதென்று சொல்லு" என்று மட்டும் சொல்லுங்கள். நின்று பார்த்தபோது முழுசாகத் தெரிந்த நாலா, படுத்துப் பார்த்தால் நடுவில் ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். துப்பாக்கிக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் அந்த டெட் கிரவுண்டை அவரே கண்டுபிடித்து, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போவார். பிறகு அவர் ஆயுசுக்கும் நின்றபடி இடம் தேர்ந்தெடுக்க மாட்டார்.

நாயக்கிடம் தொடங்கி கீழே வாருங்கள். இரவு சென்ட்ரி ரோஸ்டரை (காவல் முறைப் பட்டியலை) லான்ஸ் நாயக் போடட்டும். ராத்திரி இரண்டிலிருந்து நான்கு வரையுள்ள ஷிப்டை யாருக்குக் கொடுத்தான், எத்தனை முறை கொடுத்தான் என்று பார்த்தாலே ஆள் எப்படியென்று தெரிந்துவிடும். புதுச் சிப்பாய்க்கு கால் மணி நேரம் பாடம் எடுக்கக் கொடுங்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவது, காம்பஸ் பிடிப்பது, ஏதாவது ஒன்று. எழுந்து நின்று ஒன்பது பேருக்கு முன்னால் பேசியவன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக மாட்டான்.

இது எதற்காக என்று பையன்களுக்கும் சொல்லுங்கள். கரம் சிங் கதை எல்லோருக்கும் தெரியும், பரம்வீர் சக்ரா வாங்கியவர் என்று அவர் படத்துக்கு மாலையும் போடுகிறோம். ஆனால் அவருடைய ரேங்கை யாரும் நின்று கவனிப்பதில்லை. 1948 அக்டோபர் 13 அன்று காஷ்மீரின் டித்வால் பகுதியில் ரிச்மார் கலி என்ற கணவாயைக் காக்க முன்னால் நின்ற போஸ்டுக்குப் பொறுப்பாளர், ஒன்றாவது சீக்கிய பட்டாலியனின் லான்ஸ் நாயக். சிப்பாய்க்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். அன்று எட்டுத் தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. காயம் பட்ட பிறகும் பின்னால் போக மறுத்து, பங்கர் பங்கராகப் போய் ஆட்களுக்குத் தெம்பூட்டிக்கொண்டே கையெறிகுண்டு வீசினார். அடுத்து என்ன செய்வது என்று அவர் யார் முகத்தைப் பார்க்க முடியும்? உங்கள் செக்‌ஷனில் இருக்கிற லான்ஸ் நாயக்கை நினைத்துக்கொண்டு அந்தப் போஸ்டை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். அடுத்த எக்சர்சைஸில், பிளாட்டூன் சாகிப்பிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நடுவழியில் "நான் காயம்" என்று படுத்துவிடுங்கள். ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதல் தடவை களேபரமாகத்தான் இருக்கும், யாரோ உங்களைத் தூக்கவே மறந்துவிடுவார்கள். இன்னொரு நாள் நாயக்கும் சேர்ந்து படுக்கட்டும். மூன்றாவது ஆள் யாரென்று அப்போது தெரியும், பெரும்பாலும் நீங்கள் நினைத்த ஆளாக இருக்க மாட்டான்.

பொறுப்பைக் கொடுத்தால் தப்பு நடக்கும். அலட்சியத்தால் வந்த தப்பையும் முயற்சியில் வந்த தப்பையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். ஆயுதப் பாதுகாப்பில் அலட்சியம் என்றால் ரிப்போர்ட் போடுங்கள், தயங்க வேண்டாம். யோசித்து ஒரு முடிவெடுத்து அது தப்பாகப் போனால் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அப்படி முடிவெடுத்தாய் என்று கேளுங்கள், போதும். ஒருவன் செய்த தப்புக்கு ஒன்பது பேருக்கும் ரகடா (உடலை வருத்தும் தண்டனை) கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. அதிலிருந்து பையன்கள் கற்றுக்கொள்ளும் பாடம், எதையும் முயன்று பார்க்காதே என்பதுதான். கை நீட்டுவது பற்றிப் பேச்சே வேண்டாம். தண்டனை கொடுக்கும் அதிகாரம் கமாண்டிங் ஆபீசர் தொடங்கிச் சட்டம் குறித்த அதிகாரிகளுக்குத்தான், செக்‌ஷன் கமாண்டருக்கு இல்லை. கீழுள்ளவனை அடிப்பதும் கொடுமைப்படுத்துவதும் ராணுவச் சட்டம் 47ஆம் பிரிவில் குற்றம், ஏழாண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

பல மாநிலத்துப் பையன்கள் என்றீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். நம் ஊர்ப் பையன் வாயே திறக்கவில்லை என்றால் அது பல நேரம் இந்திப் பிரச்சினை. அவனை மந்தம் என்று முத்திரை குத்தியிருப்பார்கள். மேப்பைக் கொடுத்து வழி காட்டச் சொன்னால் எல்லோருக்கும் முன்னால் நடப்பான். அதே சமயம், நீங்கள் அவனிடம் தமிழில் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசும்போது மற்ற எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊர்க்காரனுக்குச் சலுகை என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால், நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் எழுதிய லீவு வரிசையைக் கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

அக்னிவீர்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நான்கு வருடம் கழித்து அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்வார்கள் என்பது அவர்கள் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கட்டிலில் படுப்பவனே போட்டியாளன். "இப்படி இருந்தால் உன்னை எடுக்க மாட்டார்கள்" என்று மட்டும் எப்போதும் மிரட்டாதீர்கள். மிரட்டினால் தன்னைக் காட்டிக்கொள்வதில்தான் குறியாக இருப்பானே தவிர, பக்கத்தில் விழுந்தவனுக்குக் கை கொடுக்க மாட்டான். அவர்களுக்கு வேலையை இரண்டிரண்டு பேராக, படி (buddy) ஜோடியாகவே கொடுங்கள், பாராட்டையும் ஜோடியாகவே சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் சொந்த லீவு. நோட்டில் உங்களுக்கும் ஒரு பக்கம் போட்டு, முறை வரும்போது போய்விடுங்கள். செக்‌ஷனை நாயக்கிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஊரிலிருந்து தினமும் போன் போட்டு விசாரிக்காதீர்கள். விசாரித்தால் அவர் உங்கள் போனுக்காகக் காத்திருப்பார், முடிவு எடுக்க மாட்டார். திரும்பி வந்ததும் பையன்களை வைத்துக்கொண்டே நாயக்கிடம் ரிப்போர்ட் கேளுங்கள், குறுக்கே பேசாமல் முழுசாகக் கேளுங்கள். அவர் மாற்றியிருக்கிற விஷயங்களில் கெடுதல் இல்லாதவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். திருத்த வேண்டியது இருந்தால் அன்று சாயங்காலம் அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.