சின்னப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு கிறிஸ்துமஸ் கேக் செய்து அலங்கரிப்பது எப்படி?

ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள், வீட்டுக்கு ஓடிஜி (கேக் சுடும் கரண்ட் ஓவன்) புதுசு, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்ய ஆசை, ஆனால் சண்டை வந்துவிடுமோ என்று பயம் என எழுதியிருக்கிறீர்கள். மதுரை அரசரடியில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் தெருப் பிள்ளைகளோடும் சில வருஷமாகச் செய்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே பெரிய கேக்காக வைக்காதீர்கள். சண்டை வருவதே அதில்தான். ஒருவன் ஸ்டார் போட நினைத்த இடத்தில் இன்னொருத்தி ஜெம்ஸை அழுத்தியிருப்பாள். சதுரத் தட்டில் சுட்டு, துண்டு போட்டு, ஆளுக்கு நாலு துண்டைக் கையில் கொடுத்துவிடுங்கள். 20 செ.மீ. தட்டை நாலுக்கு நாலாக வெட்டினால் 5 செ.மீ. சதுரங்கள் பதினாறு கிடைக்கும். என் துண்டு, உன் துண்டு என்று ஆனதும் வீடு அமைதியாகிவிடும்.

நான் செய்வது முட்டை போடாத தயிர் கேக். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் டிசம்பரில் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கும் மனசு நிறையக் கொடுக்க வேண்டும் என்பதால் முட்டையை விட்டுவிட்டேன். 250 கிராம் கெட்டித் தயிரில் 180 கிராம் பொடித்த சர்க்கரையைக் கரையும் வரை அடித்து, ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைத்துக்கொண்டு மேலே வரும். இந்த நேரத்தில் பிள்ளைகளைக் கட்டாயம் பக்கத்தில் நிறுத்துங்கள், அவர்கள் கண்ணைப் பார்க்க வேண்டும். அப்புறம் 120 மில்லி வாசமில்லாத எண்ணெய், ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ், கடைசியாகச் சலித்த மைதா 190 கிராம். மாவு சலிக்கும் வேலை ஐந்து வயதுக்கு. டூட்டி ஃப்ரூட்டி போடுவதாக இருந்தால் ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிப் போடுங்கள், அடியில் தங்குவது குறையும்.

ஓவனைப் பத்து நிமிடம் முன்பே சூடேற்றி வைக்க வேண்டும், நுரைத்த மாவு காத்திருக்கக் கூடாது. 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். ஒரு வருஷம் பாதியில் கரண்ட் போய்விட்டது. பதற்றத்தில் கதவைத் திறந்து பார்த்தேன், நடுவில் குழி விழுந்துவிட்டது. நீங்கள் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற சூடு கொஞ்ச நேரம் தாங்கும்.

சுடுவதை முதல் நாள் ராத்திரியே முடித்துவிடுங்கள். அதே நாளில் சுட்டு அதே நாளில் அலங்கரிக்கப் போனால் பிள்ளைகளால் பொறுக்க முடியாது. சூடு ஆறாத கேக்கில் ஐசிங் உருகி வழியும், வெட்டினால் உதிரும். தட்டை மூடி, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்கு நடுவில் வைத்துவிட்டால் எறும்பு வராது. காலையில் கேக்கைக் கவிழ்த்து, வழுவழுப்பான அடிப்பக்கம் மேலே வரும்படி வைத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள்.

கடைக் கேக்கில் இருப்பது போல வெண்ணெய் க்ரீம் வேண்டாம் என்பது என் கருத்து. வெண்ணெய் உருகுவதே 35 டிகிரிக்குள். நம் ஊர் டிசம்பர் கொஞ்சம் இதமானதுதான், ஆனாலும் சின்னக் கை அரை மணி நேரம் பிடித்திருக்கும் கோன் உள்ளே என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஐசிங் சுகர் 250 கிராம், பாதி எலுமிச்சைச் சாறும் பாதித் தண்ணீருமாக இரண்டரை மேசைக்கரண்டி. இது போதும். மேலே பூசுவதற்குத் தோசை மாவுப் பதம். அதிலிருந்து முன்னமே நாலு ஸ்பூன் எடுத்து, இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் கோடு போட வைத்துக்கொள்ளுங்கள். பூசும் பங்கில் இரண்டு ஸ்பூன் கோகோவும் சில சொட்டுத் தண்ணீரும் கலந்துவிடுங்கள்.

கோகோ எதற்கு என்றால், எங்கள் வீட்டில் கேக் மேல் போடுவது கோலம். கிறிஸ்துமஸ் வருவது மார்கழியில். பிள்ளைகள் விடிந்ததும் தெரு முழுக்கப் பார்ப்பது கோலத்தைத்தான். பழுப்புச் சதுரம் சாணம் தெளித்த வாசல் மாதிரியே இருக்கும், அதன் மேல் வெள்ளை இழை எடுப்பாகத் தெரியும். 5 செ.மீ. சதுரத்துக்கு மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி அளவாகப் பொருந்தும். பட்டர் பேப்பரை மருதாணிக் கோன் போலச் சுருட்டி, நுனியை அதே அளவு வெட்டிக் கொடுத்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புள்ளியைச் சுற்றி வளைத்துச் சிக்குக் கோலமே போட்டுவிடும். ஐந்து வயதுக்குக் கோன் கொடுக்காதீர்கள், அழுத்துகிற அழுத்தில் பின்பக்கம் பிதுங்கும். சீரக மிட்டாயைப் புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பூசிய ஐசிங் கால் மணி நேரம் காய்ந்த பிறகு வைக்க வேண்டும், ஈரத்தில் வைத்தால் சாயம் இறங்கும்.

வெள்ளரி விதை பூவிதழ் போலவே இருக்கும், அதையும் கிண்ணத்தில் வையுங்கள். எல்லாமே கீழமாசி வீதி மளிகைக் கடைகளில் கிடைக்கும். பனி தூவ வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் கொப்பரைத் துருவல் கொடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பனி என்றால் மார்கழிக் காலைப் பனிதான், படத்தில் பார்த்த வெள்ளைப் பனியைக் கையால் தூவுவதில் அவ்வளவு சந்தோஷம். மூன்று வயதுக் குழந்தை கூட இருந்தால் ஜெம்ஸும் முழு முந்திரியும் மேஜையில் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

முதல் துண்டை அலங்கரித்ததும் தின்றுவிடலாம் என்று சொல்லிவிடுங்கள், அப்போதுதான் மீதி மூன்றில் நிதானம் வரும். பிள்ளை போட்டதை நீங்கள் திருத்த வேண்டாம், இது மட்டும் என் வேண்டுகோள். போன வருஷம் பக்கத்து வீட்டு மதினியின் மகள் ஒரு துண்டில் கோணல்மாணலாக ஒன்பது புள்ளி வைத்து, "அத்தை, இது எங்க அப்பத்தாவுக்கு, அவங்க போடுற கோலம்" என்று தனியாக எடுத்து வைத்தாள். இழையை நேராக்கலாம் என்று எனக்குக் கை வந்தது, நல்லவேளை தொடவில்லை. அந்த அப்பத்தா சாயங்காலம் வரை அதை உடைக்காமல் வைத்திருந்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார்.

அலங்காரத்தை 24ஆம் தேதி சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் மேல்பக்கம் காய்ந்துவிடும், ராத்திரிப் பூசைக்குப் போய் வந்து காலையில் தட்டுகளில் அடுக்கலாம். அலங்கரித்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து, கோலம் கரையும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் அளவுக்கே செய்யுங்கள். தட்டைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள், எந்தத் துண்டு யாருக்கு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.