கிறிஸ்தவப் பார்வையில் ஆங்கில இலக்கியம் நடத்துவது என்றால் வகுப்பில் வேதபாடம் எடுப்பதா?

இல்லை. கொடைக்கானலில் 1901-லேயே அமெரிக்க மிஷனரிகள் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அதனால் அந்த மலையில் இந்தக் கேள்வி எழுவது இயல்புதான்.

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் அங்கத்தில், வக்கீல் வேடத்தில் நீதிமன்றத்துக்கு வரும் நாயகி போர்ஷியா இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தின் சாயல் தெரியும். இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும். சரி, அதோடு நிறுத்தக் கூடாது. அதே காட்சியில், வழக்கில் தோற்கும் யூத வட்டிக்காரன் ஷைலக் கிறிஸ்தவனாக மாற வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். விசுவாசியான ஆசிரியர் அந்த இடத்தைத் தாண்டிப் போகவே கூடாது என்பேன். "இது இரக்கமா?" என்று பிள்ளைகளிடமே கேட்க வேண்டும். வகுப்பில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். யார் என்ன பதில் எழுதினாலும் வாதத்துக்குத்தான் மதிப்பெண்.

இலக்கணப் பாடத்துக்குத் தனிப் பார்வை எதுவும் வேண்டாம். நோட்டைப் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தால் போதும்.