புதிய காருக்கு ஷோரூமில் விற்கும் பெயின்ட் பாதுகாப்பை வாங்கலாமா?

கேள்வி: அடுத்த வாரம் புதிய கார் டெலிவரி எடுக்கிறேன். பெயின்டின்மேல் பூசும் செராமிக் கோட்டிங், காரின் அடிப்பாகப் பூச்சு இரண்டும் சேர்ந்த பாதுகாப்புத் தொகுப்பை 32,000 ரூபாய்க்கு எடுக்கச் சொல்லி ஷோரூமில் வற்புறுத்துகிறார்கள். எடுக்கலாமா?

ஷோரூமில் எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். டெலிவரிக்குப் பிறகு வெளியே எடுப்பதா என்பது தனிக் கேள்வி. உங்கள் கார் எங்கே நிற்கப் போகிறது, எந்தச் சாலையில் ஓடப் போகிறது, அதை யார் துடைக்கப் போகிறார்கள் என்ற மூன்றையும் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நீங்கள் வங்கிக் கடனில் முதல் கார் வாங்குகிறீர்கள் என்றும், முன்பணம், பதிவுக் கட்டணம், காப்பீடு எல்லாம் கட்டிக் கை காய்ந்திருக்கும் நேரத்தில்தான் இந்த 32,000 வந்து நிற்கிறது என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு என் பதிலில் பாதி பொருந்தாது.

இந்தக் கேள்வியைக் கண்டதும் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கமுள்ள கார்த் தொழிற்சாலை ஒன்றின் பெயின்ட் பிரிவில் பல ஆண்டுகள் தர ஆய்வு வேலை பார்த்தவன் நான். "கம்பெனி பெயின்ட் மட்டும் நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்காது சார்" என்ற வாக்கியத்தை ஒரு விற்பனையாளர் எவ்விதத் தயக்கமும் இல்லாமல் சொல்லும்போது, அந்தப் பிரிவில் மூன்று ஷிப்டிலும் வியர்வை சிந்தியவர்களின் உழைப்பை ஒரே மூச்சில் தள்ளுபடி செய்வதாகவே எனக்குப் படுகிறது.

அந்தப் பிரிவுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் முடிவு பாதி எளிதாகிவிடும். வெல்டிங் முடிந்து வரும் காரின் வெறும் உடலை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பாஸ்பேட் குளியல் கொடுத்து, பிறகு பெயின்ட் கரைசல் நிறைந்த ஒரு பெரிய தொட்டிக்குள் முழுவதுமாக முக்கி, மின்சாரம் செலுத்துவார்கள். கதவின் உட்புறம், தூண்களின் உள்வெற்று என்று ஸ்பிரே துப்பாக்கி எட்டாத இடங்களிலும் அந்த முதல் பூச்சு போய்ப் படிந்துகொள்ளும். துருவுக்கு எதிரான உண்மையான காவல் அதுதான். கனம் சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதை அடுப்பில் சுட்டபின் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக ஏறும். கிளியர் கோட் மட்டுமே ஏறக்குறைய 40 மைக்ரான் இருக்கும். மொத்தமாக 100 முதல் 130 மைக்ரான் வரை வரும். சுமார் 140 டிகிரி வெப்பத்தில் சுட்டு இறுகவைத்த அந்தக் கிளியர் கோட்டுக்குள்ளேயே புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானங்கள் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்தோ வாசனை ஸ்பிரே அடித்தோ பெயின்ட் பிரிவுக்குள் நுழையக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை இருந்தது. அவற்றிலுள்ள எண்ணெயோ சிலிகோனோ இம்மியளவு பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழி விழும். வெள்ளை விளக்குகளின் கீழே, கையுறை போட்ட விரல்களால் தடவித் தடவி, தூசி முனைகளைத் தேடிய வேலை அது. வெயிலில் நிறம் வெளுக்கும் என்ற பயம் கிளியர் கோட் இல்லாத அந்தக் காலக் கார்களைப் பார்த்து வந்தது. அவற்றில் நிறப்பொடியே நேராக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைய கார்களில் அப்படியில்லை.

என் தங்கையின் கணவர் கார் எடுத்தபோது துணைக்கு நானும் ஷோரூமுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி என்று வாரந்தோறும் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடுகிற வேலை அவருக்கு. விலைப்பட்டியலில் காப்பீட்டுக்கும் துணைப் பொருட்களுக்கும் நடுவே "பெயின்ட் பாதுகாப்பு" என்று ஒரு வரி, நாங்கள் கேட்காமலேயே ஏறியிருந்தது. அது என்ன பொருள், எத்தனை மைக்ரான், உத்தரவாத அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். விற்பனை செய்த தம்பிக்குப் பொருளின் பெயர் தெரியவில்லை. "ஐந்து வருஷம் உத்தரவாதம் சார்" என்பது மட்டும் தெரிந்திருந்தது. அட்டையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே பணம் கட்டிப் பராமரிப்பு செய்தால்தான் அந்த ஐந்து ஆண்டு செல்லும். பறவை எச்சம், மரப்பிசின், கல் அடி, கீறல், உப்புநீர்க் கறை எதுவும் அதில் அடங்காது. இவற்றைத் தவிர நம் ஊரில் ஒரு காரின் பெயின்டுக்கு வேறு என்னதான் நேரப்போகிறது என்று மேலாளரிடம் கேட்டபோது, எல்லா வாடிக்கையாளரும் எடுக்கிறார்கள் என்ற பதில்தான் கிடைத்தது. அந்த வரியை நீக்கிப் புதிய பட்டியல் தரும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் குரல் உயர்ந்தது உண்மை. அந்தத் தம்பியின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாதத்துக்கு இத்தனை தொகுப்பு விற்றாக வேண்டும் என்று இலக்கு வைத்து அவரை நிறுத்தியிருப்பவர்கள் மேல்தான் வருத்தம்.

செராமிக் கோட்டிங் பொய்யான சரக்கு என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சிலிக்கா சார்ந்த அந்தப் பூச்சு நன்றாகப் போடப்பட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், தூசி எளிதில் கழுவிப் போகும், பளபளப்பு கூடும். ஆனால் அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். நெடுஞ்சாலையில் தெறித்துவரும் ஜல்லியை 40 மைக்ரான் கிளியர் கோட்டே தடுக்க முடியாதபோது, இந்த இரண்டு மைக்ரான் எப்படித் தடுக்கும்? "9எச் கடினம்" என்று விளம்பரத்தில் சொல்வதைப் பலர் வைரத்துக்கு அடுத்த கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த 9எச் என்பது பென்சில் சோதனையில் வரும் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களைப் பூச்சின்மேல் அழுத்தித் தள்ளிக் கீறல் விழுகிறதா என்று பார்க்கும் சோதனை அது. கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்கு உறவில்லை. இன்னும் சில இடங்களில் டெஃப்லான் கோட்டிங் என்று விற்கிறார்கள். டெஃப்லான் உருகுவதற்கே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் அதை அந்த அளவு சூட்டில்தான் பிடிக்கவைக்கிறார்கள். கார்மேல் கையால் தேய்ப்பதால் அப்படிப் பிடித்துக்கொள்ள வழியில்லை. சில மாதம் பளபளக்கும் மெழுகுக்கு உரிய விலையைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

ஷோரூமில் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோட்டிங் போடுவதற்கு முன் மேற்பரப்பை மாசில்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். மெல்லிய கீறல்கள் இருந்தால் மெஷின் பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும். அந்தப் பாலிஷ் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டிலிருந்து சில மைக்ரானைத் தின்றுவிடும். கை தேர்ந்தவர் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் லேசாகத் தொடுவார். டெலிவரிக்கு முந்தின நாள் மாலை, திறந்த யார்டில், நான்கு கார்களை வரிசையாக நிறுத்திவைத்து அவசரத்தில் போடும்போது அந்த நிதானம் இருக்காது. யார்டில் டெலிவரிக்கு முன் காரைக் கழுவும் துணியே மண் நிறைந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலையிலிருந்து ஒரு கீறலும் இல்லாமல் அனுப்பிய வண்டி, வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல் சுற்றுக் கீறல்களோடு நிற்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய மனவேதனை. டெலிவரிக்கு முன் வண்டியைத் துடைக்க வேண்டாம், தண்ணீர் மட்டும் அடித்துக் கொடுங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், கேட்டால் செய்வார்கள்.

காரின் பெயின்டை உண்மையில் அதிகம் கெடுப்பது அந்தத் துணிதான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை ஐந்து மணிக்கு ஒருவர் வந்து, ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியோடு வரிசையாக எல்லாக் கார்களையும் துடைத்துக்கொண்டு போவார். முதல் காரில் எடுத்த மண்ணை அடுத்தடுத்த காரின்மேல் தேய்ப்பதாகத்தான் அது முடியும். அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு காருக்கு மாதம் அவருக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். அதற்குள் மாடிக்குத் தண்ணீர் கேட்டு அலைவதும் அவர்தான். ஆனால் 32,000 ரூபாய்க்குக் கோட்டிங் போட்டுவிட்டு அதன்மேல் அதே துணியை ஓடவிடுவதில் என்ன பயன்? அவருக்குக் கூடக் கொஞ்சம் கொடுத்து, உங்கள் காருக்கென்று மைக்ரோஃபைபர் துணிகளும் இரண்டு வாளியும் வாங்கிவைத்து, முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு, அதன்பின் ஷாம்புவில் துடைக்கச் சொல்லுங்கள். தினமும் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை; வாரம் ஒருமுறை போதும். தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் காய விடாமல் துடைத்து எடுத்துவிட வேண்டும். கோட்டிங் போட்ட காரில் துளிகள் உருண்டு நிற்பதால், வெயிலில் காய்ந்தபின் தண்ணீரிலுள்ள உப்பு வட்ட வட்டமாக இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பறவை எச்சத்துக்கும் கோட்டிங் முழு மருந்து ஆகாது. வெயிலில் கிளியர் கோட் சற்று இளகுகிறது. மாலையில் குளிரும்போது அதன்மேல் காய்ந்திருக்கும் எச்சத்தின் உருவத்துக்கு ஏற்ப இறுகிவிடுகிறது. எச்சத்தைத் துடைத்தபின்னும் அந்த இடம் மங்கித் தெரிவது இதனால்தான். புங்க மரத்தடியிலோ தூங்குமூஞ்சி மரத்தடியிலோ நிறுத்துகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரும் சுத்தமான துணியும் காரிலேயே வைத்துக்கொண்டு, கண்ட உடனே நனைத்து ஊறவிட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுத்தால் போதும். கோட்டிங் இருந்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். கோட்டிங்கால் கிடைப்பது சில மணி நேர அவகாசம்.

கல் அடிக்குத்தான் உண்மையான தீர்வு ஒன்று இருக்கிறது. அது பிபிஎஃப் எனப்படும், பெயின்டின்மேல் ஒட்டும் பாதுகாப்புப் படலம். ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணலிலிருந்து காக்க முதலில் பயன்பட்ட பாலியூரித்தேன் படலம், பிறகுதான் கார்களுக்கு வந்தது. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள அது, காரின் மொத்தப் பெயின்டைவிடத் தடிப்பானது. லேசான கீறல்கள் வெயில் சூட்டில் தானாகவே மறையும். ஆனால் முழுக் காருக்கும் ஒட்டினால் லட்சத்தை எட்டும். அது உங்களுக்கோ எனக்கோ தேவையில்லை. தங்கை கணவரின் காருக்கு முன் பம்பர், பானட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடிகளின் முகம், கதவுக் கைப்பிடியின் குழிவு ஆகிய இடங்களில் மட்டும் தெரிந்த பட்டறையில் ஒட்டவைத்தோம். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் மூடாமல் போகும் லாரிகளுக்குப் பின்னால் அவர் போய்க்கொண்டுதான் இருக்கிறார். படலம் ஒட்டிய இடத்தில் பெயின்ட் இன்றுவரை பெயரவில்லை. ஒட்டாத பானட்டின் மேல்பகுதியில் இரண்டு மூன்று புள்ளிகள் விழுந்திருக்கின்றன. மலிவாகக் கேட்டால் பிவிசி படலத்தையே பிபிஎஃப் என்று சொல்லி ஒட்டிவிடுவார்கள்; அது சீக்கிரம் மஞ்சளாகிவிடும். டிபியு (பாலியூரித்தேன் வகை) படலமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். நீங்கள் ஊருக்குள்ளேயே அலுவலகம் போய்வருபவர் என்றால் இதுவும் வேண்டாம்.

அடிப்பாகப் பூச்சைப் பொறுத்தவரை, தொட்டியில் முக்கிப் போட்ட பூச்சும், இணைப்புகளின் இடுக்கை அடைக்கப் போட்ட சீலரும் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. தூத்துக்குடி, நாகப்பட்டினம்போலக் கடற்கரையை ஒட்டி வசிப்பவர்கள் கூடுதலாகப் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதவுக்கு அடியிலும் தரைத் தகட்டிலும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவசரத்தில் அடிக்கும் தார்ப்பூச்சு அவற்றை அடைத்துவிட்டால் உள்ளே தேங்கும் நீரே துருவை வரவழைக்கும்.

யாருக்குச் செராமிக் கோட்டிங் பொருந்தும் என்று கேட்டால், கருப்பு, கருநீலம்போன்ற அடர்நிறக் கார் வைத்திருந்து, தாமே கழுவும் வழக்கமும் பளபளப்பில் ஆசையும் உள்ளவர்களுக்குப் பொருந்தும். அவர்கள் டெலிவரிக்குப் பிறகு, அதையே தொழிலாகச் செய்யும் இடத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். தொழிற்சாலை பெயின்ட் அடுப்பிலேயே முழுதாக இறுகிவிடுவதால் முதல் நாளே போட்டாக வேண்டும் என்ற அவசரமும் இல்லை, காய்வதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வெள்ளை, வெள்ளிநிறக் காருக்கு நல்ல மெழுகு போதும்.

இந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தேய்மானக் கழிவில்லாத (ஜீரோ டெப்ரிசியேஷன்) காப்பீட்டுக்குக் கொடுங்கள். சாதாரணப் பாலிசியில் பெயின்ட் வேலைக்கு உரிய பொருள் செலவில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரே பில் என்றால் மொத்தத்தில் கால் பங்கைப் பொருள் செலவாகக் கணக்கிடுவார்கள். அந்தக் கூடுதல் காப்பீட்டில் இந்தக் கழிவு இல்லை. பம்பர் உரசி மீண்டும் பெயின்ட் அடிக்க நேர்ந்தால் அந்தத் தகட்டின் கோட்டிங் போய்விடும்; அதைத் தனியாக அறிவித்துச் சேர்த்திருந்தாலொழிய அதற்கு இழப்பீடு வராது.

ஷோரூமில் அந்த வரியை நீக்க மறுத்தால், அது கட்டாயம் என்று கடிதத்திலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர அவர்கள் முன்வர மாட்டார்கள். அப்படியும் பிடிவாதம் பிடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஏற்கெனவே முன்பணத்தோடு இதற்கும் கட்டிவிட்டீர்கள் என்றால், டெலிவரிக்கு முன்பே ரத்து செய்து, காரின் பாக்கித் தொகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோட்டிங் போட்டுவிட்டோம் என்று சொன்னால், எந்தப் பொருள், என்று போடப்பட்டது, யார் போட்டது என்ற விவரத்தோடு பில்லும் காலியான பாட்டிலும் கேளுங்கள்.